நுரையீரல் பாதிப்புக்குச் செடிச் சத்து மருந்தாகுமா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் மருந்துக் கடை நடத்துகிறேன். மருந்துச் சீட்டை நீட்டுகிற கையோடு செல்போனையும் நீட்டி, "இதுல சொல்ற மஞ்சள் மாத்திரை இருக்கா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கிரானைட் பட்டறை ஆட்கள், அரூர்ப் பக்கத்து மஞ்சள் விவசாயிகள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு ஓடி வருபவர்கள் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, நான் சொல்லும் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் பார்மசி படித்தவள், டாக்டர் இல்லை. யாருக்கு என்ன மருந்து என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நுரையீரல் பாதிப்புன்னா என்னங்க? சளி, ஆஸ்துமா எல்லாம் அதுலதான் வருமா?

ஆஸ்துமாவும் இளைப்பும் மூச்சுக்குழாய் சுருங்குவதால் வருபவை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "கடும் நுரையீரல் பாதிப்பு" என்று வருவது வேறு. நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் மிக மெல்லியது. இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். நிமோனியாவோ, ரத்தத்தில் பரவிய தொற்றோ, விஷமோ தாக்கும்போது உடம்பின் எதிர்ப்பு அணுக்களே ஆவேசமாகக் கிளம்பி அந்தச் சுவரையும் சேர்த்துக் குதறிவிடும். மடை உடைந்து வயலில் தண்ணீர் புகுவது போலக் காற்றுப்பைக்குள் நீர் நிரம்பும். அப்புறம் ஆக்ஸிஜன் வைத்தாலும் ரத்தத்தில் சரியாக ஏறாது.

1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இதை முதன்முதலாக விவரித்தார்கள். ஐசியூ கேஸ் ஷீட்டில் ஏ.ஆர்.டி.எஸ். என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இன்னொன்று தழும்பு. கல்தூசி போன்றவற்றால் வருடக்கணக்கில் நுரையீரல் இறுகிப் போவது. மூச்சுக்குழாய், காற்றுப்பை, தழும்பு என இந்த மூன்றையும் தனித்தனியாக நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளில் பாதிக் குழப்பம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான் வருகிறது.

அந்த ஏ.ஆர்.டி.எஸ்.க்கு இங்கிலீஷ் வைத்தியத்துலயே மருந்து இல்லையாமே?

பாதி உண்மை. உடைந்த சுவரை நேராகப் போய் ஒட்டவைக்கும் மாத்திரையோ ஊசியோ இன்னும் இல்லை. அதனால்தான் உலகம் முழுக்கச் செடிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் வைத்தியமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வென்டிலேட்டரில் பெரிய பெரிய மூச்சாகத் தள்ளாமல் சின்ன மூச்சாகக் கொடுத்தால் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்று 2000-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மோசமான நிலையில் இருப்பவர்களை ஒரு நாளில் பல மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது இறப்பு 32.8-லிருந்து 16 சதவீதமானது, அது 2013. கொரோனா சமயத்தில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. எந்தச் செடி மருந்து வந்தாலும் இவற்றோடு சேர்த்துக் கொடுத்து, அதற்கு மேலும் பலன் இருப்பதாகக் காட்ட வேண்டும்.

செடியிலிருந்து நுரையீரலுக்கு உருப்படியா ஒரு மருந்தாவது வந்திருக்கா அக்கா?

தாராளமாக. என் கடை அலமாரியிலேயே இருக்கின்றன. சளியை இளக்கும் சிரப்புகளில் புரோம்ஹெக்சின், அம்ப்ராக்ஸால் என்று போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். வேலி ஓரத்தில் வளர்கிற ஆடாதொடையில் வாசிசின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதன் அமைப்பைப் பார்த்து மாற்றிச் செய்ததுதான் புரோம்ஹெக்சின். அந்த புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறும் வடிவம் அம்ப்ராக்ஸால். பாட்டி கொடுத்த ஆடாதொடைக் கஷாயத்துக்கும் பேரன் குடிக்கும் சிரப்புக்கும் சொந்தம் உண்டு.

ஊமத்தை கதை இன்னும் சுவாரஸ்யமானது. இளைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் 1802 வாக்கில் மதராஸிலிருந்து பிரிட்டனுக்குப் போனது. பிறகு அங்கே ஊமத்தை இனச் செடியை வைத்து ஆஸ்துமா சிகரெட்டே விற்றார்கள். அந்தச் செடிகளில் இருக்கும் அட்ரோபினை மாற்றி, ரத்தத்தில் அதிகம் கலக்காமல் மூச்சுக்குழாயோடு நிற்கும்படி செய்த மருந்து இப்ராட்ரோபியம். எமர்ஜென்சியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையை இழுக்க வைக்கிறார்களே, அந்த நெபுலைசர் மருந்தில் பல நேரம் இதுவும் கலந்திருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாமே மூச்சுக்குழாய்க்கும் சளிக்குமான மருந்துகள். முதல் கேள்வியில் சொன்ன காற்றுப்பைச் சேதத்துக்கு இதே மாதிரி ஒரு வெற்றிக் கதை நம்மிடம் இன்னும் இல்லை.

அப்போ ஊமத்தை இலையைச் சுருட்டிக் குடிச்சா இளைப்பு போயிடுமா?

வேண்டாம். இலைக்கு இலை விஷத்தின் அளவு மாறும். கொஞ்சம் கூடினால் வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, பிதற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அட்ரோபினை மாற்றி இப்ராட்ரோபியம் செய்ததே இந்தத் தொல்லை இல்லாமல் இருக்கத்தான்.

மஞ்சள் நுரையீரலைக் காப்பாத்துதுன்னு ஆராய்ச்சியே சொல்லுதாமே? நாங்க மஞ்சள் போடுறவங்க, கேட்கவே சந்தோஷமா இருக்கு.

ஆராய்ச்சி இருப்பது நிஜம். மஞ்சளில் இருக்கும் குர்குமின், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டின், நிலவேம்பில் இருக்கும் ஆண்ட்ரோகிராபோலைடு, மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின், கருஞ்சீரகத்தில் இருக்கும் தைமோகுயினோன் எல்லாவற்றையும் இதற்காகச் சோதித்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே செய்முறைதான். பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த ஒரு நச்சைச் சுண்டெலியின் மூச்சுக்குழாயில் விடுவார்கள். சில மணி நேரத்தில் நுரையீரல் வீங்கும். ஒரு கூட்டத்துக்குச் செடிச் சத்து, மறு கூட்டத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு நுரையீரலை எடுத்து ஈரமாக ஒரு எடை, காய வைத்து ஒரு எடை போடுவார்கள். வித்தியாசம் குறைவென்றால் நீர் குறைவாகக் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அழற்சியைக் கிளப்பும் என்.எஃப்.கப்பா-பி என்ற சுவிட்சைக் குர்குமின் அடக்குவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இந்த ஆய்வுகள் பலவற்றில் நச்சு கொடுப்பதற்கு முன்பே செடிச் சத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்ஸில் வருகிறவருக்கு நுரையீரல் ஏற்கெனவே சேதமாகியிருக்கும். நாளைக்கு நிமோனியா வரும் என்று இன்றைக்கே தெரிந்து யாரும் மருந்து சாப்பிடுவதில்லை.

அடுத்தது அளவு. சுண்டெலிக்குக் கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தார்கள் என்று வையுங்கள். மனிதனுக்கு மாற்றும்போது சுமார் பன்னிரண்டால் வகுப்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு 1 கிராம் குர்குமின் வரும். மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான் இருக்கிறது என்பதால், தினம் 30 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் விழுங்க வேண்டும். குழம்புக்குப் போடும் அரை ஸ்பூன் இந்தக் கணக்குக்குக் கிட்டேகூட வராது.

மிளகு சேர்த்தா இருபது மடங்கு ஏறுமாம்ல? அதான் மிளகுப் பால் குடிக்கிறோம்.

அந்த "இருபது மடங்கு" பக்கத்து ஊர்க் கணக்குதான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் வெளியான ஆய்வு அது. 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவு, அல்லது மிக மிகக் கொஞ்சம். கூடவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது 2000 சதவீதம் கூடியது. ஒன்றுமில்லாத அளவு இருபது மடங்கானாலும் கொஞ்சம்தான். எலி ஆய்வுகளில் பலர் வாய் வழியை விட்டுவிட்டு வயிற்றறைக்குள் ஊசியாகவே போட்டதன் காரணமும் இதுதான்.

பால் குடிப்பதில் தப்பில்லை. சத்தாகப் பிரித்து அடைத்த மாத்திரையில்தான் கவனம் தேவை. குர்குமினை ஏற்றிவிடும் அதே பைப்பரின் மற்ற மருந்துகளையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். வலிப்புக்கான பெனிட்டாயின், இளைப்புக்கான தியோபிலின் இரண்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். தியோபிலின் அளவு கூடினால் வாந்தியும் படபடப்பும் வரும், வலிப்புகூட வரலாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

எலிக்கு வேலை செஞ்சது மனுஷனுக்கு ஏன் மேடம் செய்யாது?

சோதனை எலிகள் ஒரே வயசு, ஒரே வம்சம், வேறு நோயில்லை, காயமும் ஒரே மாதிரி. ஐசியூவில் படுத்திருப்பவருக்குச் சர்க்கரை இருக்கும், இருபது வருஷம் பீடி குடித்திருப்பார், மூன்று நாள் வீட்டிலேயே கஷாயம் குடித்துக் காலம் கடத்தியிருப்பார்.

செடியென்று இல்லை, எல்லாவற்றுக்கும் இதே பாடுதான். வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத் தொற்றில் கை கொடுக்கும் என்று எவ்வளவு பேச்சு! 2022-இல் 872 பேரிடம் சோதித்தபோது, வைட்டமின் சி ஊசி போட்டவர்களில் 44.5 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது உறுப்புகள் மீளாமல் இருந்தார்கள். போடாதவர்களில் 38.5 சதவீதம்.

நம் மாநிலப் பூ செங்காந்தள் இன்னொரு உதாரணம். அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்சிசின் மூட்டு வீக்கத்துக்கு நிஜமான மருந்து, அழற்சியை நன்றாகவே அடக்கும். கொரோனா நுரையீரலுக்கும் உதவும் என்று நம்பி பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் 11,340 பேரை வைத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களில் 21 சதவீதம் இறப்பு, கொடுக்காதவர்களிலும் 21 சதவீதம். இத்தனை பேரை வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால், "செங்காந்தள் கொரோனாவைக் குணமாக்கியது" என்று இன்றைக்கும் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

கல் பட்டறையில இருபது வருஷம் வேலைம்மா. தூசி உள்ள உட்கார்ந்திருக்கு. வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டா இறங்கிடும்ங்கிறாங்க, மூலிகை ஏதாவது இருக்கா?

இந்தக் கேள்விக்கு நான் அவசரமாகப் பதில் சொல்வதில்லை. கிரானைட்டில் கால் பங்கோ அதற்கு மேலோகூடக் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா இருக்கும். கட்டிங், பாலிஷ் போடும்போது கண்ணுக்குத் தெரியாத துகளாகிக் காற்றுப்பை வரை போகிறது. அதை விழுங்கவரும் அணு செத்து, துகளை மறுபடி வெளியே விடுகிறது. அடுத்த அணு வந்து விழுங்கிச் சாகிறது. இப்படியே தழும்பு ஏறிக்கொண்டு போகும். வேலையை விட்ட பிறகும் நிற்காமல் போகலாம். வாழைப்பழம் வயிற்றுக்குத்தான் போகும். வெல்லத்தை லக்னோ ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் சோதித்து, தூசி நகர்வதாக 1994-இல் எழுதினார்கள். மனித நுரையீரலில் தழும்பு குறைந்ததாக அதற்குப் பின் யாரும் காட்டவில்லை.

செடி மருந்தென்று கேட்டால் டெட்ராண்ட்ரின் ஒன்று உண்டு. நம் சீந்தில் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சீனக் கொடியின் வேரிலிருந்து எடுப்பது. சீனாவில் கல்தூசி நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து, ஏறிய தழும்பை அழிக்காது. குடும்பம் ஒன்றுதானே என்று சீந்திலைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். சத்து வேறு, சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: எக்ஸ்ரேயும் மூச்சுத் திறன் பரிசோதனையும் எடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியில் காசநோய் பாருங்கள், கல்தூசி ஏறிய நுரையீரலில் காசநோய் எளிதாகப் பிடிக்கும். பட்டறையில் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். துண்டை மூக்கில் கட்டினால் அந்த நுண்துகள் நிற்காது, என்-95 வேண்டும். இந்தக் கல்தூசி நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ், சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். ஆகவே டாக்டரிடம் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று சொல்லி அதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நஷ்டஈடு கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

கபசுரக் குடிநீரும் நிலவேம்பும் நுரையீரலுக்கு நல்லதுதானே?

நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, கபசுரத்தில் பதினைந்து. இரண்டும் காய்ச்சலுக்கான சித்த மருந்துகள். சித்த மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை குடிப்பதை நான் தடுப்பதில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே போன பிறகு, அதை மட்டும் குடித்துக்கொண்டு வீட்டில் இருப்பதுதான் ஆபத்து. நிலவேம்புச் சத்தைச் சீனாவில் ஊசியாகவே போடுகிறார்கள். அதில் கடும் ஒவ்வாமை வந்த கதைகளும் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: ஆடாதொடையின் வாசிசின் கருப்பையைச் சுருக்கும் தன்மை கொண்டது. கஷாயம்தானே என்று நீங்களாகக் குடிக்காதீர்கள்.

குழந்தைக்குச் சளி. மூக்குல ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடச் சொல்றாங்க மாமியார். விடலாமா?

விடவே கூடாது. இந்தப் பக்கம் முழுக்கச் செடிப் பொருள் நுரையீரலைக் காப்பாற்றுமா என்று பேசுகிறோம். இங்கே செடிப் பொருளே நுரையீரலைக் கெடுக்கிறது. தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் இருமலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நேராக உள்ளே இறங்கும், அங்கே அது கரையவும் கரையாது. எண்ணெய் நிமோனியா என்றே இதற்குப் பெயர். வாயைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவதிலும் இதே ஆபத்துதான். மாமியாரிடம் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்தைக் காட்டுங்கள், விலை குறைவு, வேலை அதேதான். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் கைக்குழந்தைக்குத் தடவாதீர்கள். உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

தக்காளிக் கொல்லையில களைக்கொல்லி அடிக்கும்போது வாய்ல தெறிச்சிடுச்சு. உடனே குடிக்க மூலிகைச் சாறு எதுவும் இருக்கா?

இல்லை. வாயையும் தோலையும் கழுவிவிட்டு, டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவில் பாராகுவாட் என்று இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. அது நுரையீரல் அணுக்களுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டு, சில நாளில் தழும்பாக்கிவிடும். முதல் நாள் ஆள் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாற்று மருந்து கிடையாது. குர்குமின் முதல் பல செடிச் சத்துகள் பாராகுவாட் கொடுத்த எலிகளைக் காத்ததாகக் கட்டுரைகள் உண்டு. மேலே எலியைப் பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

அப்போ மனுஷங்க மேல சோதிச்சு ஜெயிச்சது ஒண்ணுமே இல்லையா?

கிட்டத்தட்ட ஜெயித்தது ஒன்று இருக்கிறது. சீனாவின் ஷுவேபிஜிங் ஊசி. குசும்பாப்பூ உட்பட ஐந்து மூலிகைகளின் சத்து. கடும் நிமோனியா வந்த 710 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள்: ஊசி போட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.9 சதவீதம், போடாதவர்களில் 24.6. பிறகு ரத்தத் தொற்று வந்த 1,817 பேரிடம் 2023-இல்: 18.8-க்கு எதிராக 26.1. சாதாரண வித்தியாசம் இல்லை இது.

நான் ஏன் இன்னும் துள்ளிக் குதிக்கவில்லை என்றால், இரண்டும் சீன மருத்துவமனைகளில் மட்டும் நடந்தவை. வேறு நாட்டில், வேறு ஆட்கள் செய்து இதே பலன் வந்தால் நம்பிக்கை கூடும். ஐந்து மூலிகையில் எந்தச் சத்து வேலை செய்கிறது என்பதும் தெளிவாகவில்லை. ஆனாலும் வழி சரி: அளவு ஒரே மாதிரி, நேராக ரத்தத்தில், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு கூட்டம்.

அப்பா ஐசியூல இருக்காரு. மூக்குக் குழாய் வழியா நர்ஸுக்குத் தெரியாம கொஞ்சம் மூலிகைச் சாறு விடலாமா அக்கா?

உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனால் கூடாது. சாறு மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே புதிதாக ஒரு நுரையீரல் பாதிப்பு. அங்கே அவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து போய்க்கொண்டிருக்கும், வேறு பல மருந்துகளும் ஓடும். மிளகுச் சத்து தியோபிலினை ஏற்றிவிடும் கதையை மேலே பார்த்தோம். ரகசியமாகக் கொடுத்தால் நாளைக்குக் கல்லீரல் கெட்டு நிற்கும்போது டாக்டருக்குக் காரணமே தெரியாது. கேட்க வேண்டுமென்றால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். வருவதற்கு முன் வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

"ஆய்வில் நிரூபிக்கப்பட்டது"ன்னு டப்பாவுல போட்டிருக்கே, அதை நம்பலாமா?

டப்பாவைத் திருப்புங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் சட்டப்படி அது உணவு, மருந்து இல்லை. விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆய்வு யார் மேல் நடந்தது, கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களிலா, எலியிலா, ஆளிடமா? ஆளிடம் என்றால் எத்தனை பேர், ஒப்பிட்டது எதோடு? குர்குமின் விஷயத்தில் கண்ணாடித் தட்டுச் சோதனைகளையே அது குழப்பிப் பொய்யான பலனைக் காட்டுகிறது என்று 2017-இல் வேதியியல் நிபுணர்கள் விரிவாக எழுதினார்கள். ஆஸ்துமாவை அடியோடு குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படி அச்சடித்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

செடிக்குக் காப்புரிமை வாங்க முடியாது, லாபமில்லை. அதனாலதான் கம்பெனிக்காரங்க அமுக்கி வைக்கிறாங்கன்னு சொல்றாங்களே?

லாபம் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. ஆனால் செடியிலிருந்து எடுத்து மாற்றிய மூலக்கூறுக்குக் காப்புரிமை கிடைக்கும். ஆடாதொடையும் ஊமத்தையும் அப்படித்தான் கம்பெனி மருந்தாயின. நல்ல மூலக்கூறு கையில் கிடைத்தால் அமுக்கி வைப்பதைவிட விற்பதில்தான் அவர்களுக்குக் காசு.

லாபமே இல்லாததைச் சோதிக்க ஆளில்லை என்பதும் முழு உண்மை இல்லை. கோல்சிசினைச் சோதித்த அதே ரெக்கவரி ஆய்வு அரசுப் பணத்தில் நடந்தது. டெக்ஸாமெத்தசோன் உயிரைக் காப்பாற்றுகிறது என்று 2020-இல் கண்டுபிடித்ததும் அதே ஆய்வுதான். அறுபது வருஷப் பழைய மருந்து, யாருக்கும் காப்புரிமை இல்லை, ஒரு பட்டை சில ரூபாய். அந்த விலையைச் சொன்னதும் "அப்போ அதையே ரெண்டு பட்டை கொடுங்க" என்பார்கள். ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த ஆய்விலேயே அதனால் பலன் தெரியவில்லை. சர்க்கரையை வேறு ஏற்றிவிடும். சீட்டு கொண்டு வந்தால் மட்டும் தருவேன்.